கொசுவின் வயிற்றைக் கடந்தால்தான் மலேரியா

எச்.ஐ.வி விழிப்புணர்வுக் கூட்டங்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நோய் இருக்கிறவரைக் கடித்த கொசு அடுத்து நம்மைக் கடித்தால் நமக்கும் வருமா?" வராது என்பது சரியான பதில்தான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் கேட்டவருக்குத் திருப்தி இருக்காது. மலேரியாக் கிருமியும் ரத்தத்தில்தான் இருக்கிறது, அதைக் கொசு பரப்புகிறது. யானைக்கால் புழுவும் அப்படித்தான். எச்.ஐ.வி மட்டும் ஏன் பரவுவதில்லை?

காரணம் கொசுவின் வயிற்றில் இருக்கிறது. கொசுவைப் பறக்கும் ஊசியாகவே நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். ஒருவரிடம் எடுத்த ரத்தத்தில் கொஞ்சத்தை அடுத்தவர் உடம்பில் விட்டுவிடும் என்று. அப்படி நடப்பதில்லை. ரத்தம் ஏறும் குழாயும் எச்சில் இறங்கும் குழாயும் கொசுவின் வாயில் தனித்தனியாக இருக்கின்றன. உள்ளே போன ரத்தம் அதற்குச் சாப்பாடு. இரண்டு மூன்று நாளில் செரித்துவிடும். எச்.ஐ.வி பெருக வேண்டுமானால் மனிதரின் குறிப்பிட்ட வகை வெள்ளணுக்கள் வேண்டும். கொசுவின் உடம்பில் அவை கிடையாது. அதனால் வைரஸும் சாப்பாட்டோடு சாப்பாடாகச் செரித்துப்போகிறது.

பள்ளிப் பாடப்புத்தகத்து மலேரியாப் படத்தில் மனிதனிடமிருந்து கொசுவுக்கு ஓர் அம்பு, கொசுவிடமிருந்து மனிதனுக்கு ஓர் அம்பு போட்டு முடித்துவிடுவார்கள். கிருமி படாத பாடு படுவதெல்லாம் அந்த இரண்டு அம்புகளுக்கும் நடுவில்தான். அந்த இடைவெளியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ரத்தம் என்ற கனமான சாப்பாடு

ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. அதற்கும் அன்றாடத் தெம்புக்குப் பூந்தேனும் தாவரச் சாறும் போதும். முட்டை உருவாகப் புரதம் வேண்டும், அதற்குத்தான் ரத்தம். இரண்டுக்கும் உடம்பில் தனித்தனி இடம்: சர்க்கரைச் சாறு குடலின் முன்பகுதியிலிருந்து கிளைக்கும் ஒரு பைக்குள் போய்ச் சேமிப்பாக இருக்கும், ரத்தம் நேராக நடுக்குடலுக்குப் போய்விடும்.

ஒரு கொசு ஒரு வேளைக்குக் குடிப்பது ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிகிராம். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் கொசுவின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தன் எடைக்குச் சமமான திரவத்தைச் சில நிமிடங்களில் வயிற்றில் ஏற்றிக்கொண்டு பறந்தும் போக வேண்டும். அதனால் குடித்துக்கொண்டிருக்கும்போதே நீரைப் பிரித்துப் பின்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்ற ஆரம்பித்துவிடும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்களில் இந்தச் சொட்டு சிவப்பாகவே இருக்கும். நீரோடு கொஞ்சம் ரத்தத்தையும் வீணாக்கிக்கொண்டுதான் அது குடிக்கிறது.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. மனித ரத்தம் 37 டிகிரிச் சூட்டில் உள்ளே பாய்கிறது. பூச்சியின் உடம்புக்கு அது தாங்கக் கடினமான சூடு. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு, அந்தச் சொட்டை உடனே உதறிவிடாமல் வயிற்று நுனியில் தொங்கவிட்டுக்கொள்ளும். சொட்டு ஆவியாகும்போது வயிறு குளிர்கிறது. வெப்பக் கேமராவில் இதைப் படம்பிடித்திருக்கிறார்கள்.

அப்புறம் செரிமானம். ரத்தம் வந்து குடல் விரிந்ததுமே குடல் சுவரின் செல்கள் இரண்டு வேலைகளைத் தொடங்குகின்றன. ஒன்று, டிரிப்சின் முதலான நொதிகளைச் சுரப்பது. நம் குடலிலும் புரதத்தை வெட்டும் டிரிப்சின் உண்டு. கொசுவின் டிரிப்சினும் அந்தக் குடும்பம்தான். சுரப்பு மெல்ல ஏறி ஒரு நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். இரண்டாவது, ரத்தக் கட்டியைச் சுற்றி ஒரு சவ்வு நெய்வது. நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டினும் சில புரதங்களும் சேர்ந்த வலை அது. பிரியாணிக்கு மசாலாவைத் துணியில் முடிந்து போடுவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி: நொதிகள் உள்ளே போகலாம், வெட்டுப்பட்ட சிறு துண்டுகள் வெளியே வரலாம், பெரியவை முடிச்சுக்குள்ளேயே கிடக்கும். இந்தச் சவ்வு முழுமையாக உருவாக ஒரு நாள் போல ஆகும்.

சவ்வு எதற்கு? ரத்தத்தைச் செரிப்பது ஆபத்தான வேலை. சிவப்பணு உடைந்தால் இரும்பு சேர்ந்த ஹீம் என்ற பொருள் மூட்டை மூட்டையாக வெளிவரும். அளவு மீறினால் அது செல்களுக்கு நஞ்சு. சவ்வு அதில் பெரும்பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தம் வந்தபின் குடலில் நூற்றுக்கணக்கான மடங்கு பெருகும் பாக்டீரியாக்களும் குடல் சுவரை நேரடியாகத் தொடாமல் அது பார்த்துக்கொள்கிறது. கிருமியைத் தடுக்கவென்றே வந்த வேலி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் கிருமிக்கு அது வேலிதான்.

ஒரு நாள் கெடு

இப்போது அந்த ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி, அதாவது பிளாஸ்மோடியம், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ரத்தத்தில் அது பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் நுழைந்து, பெருகி, உடைத்துக்கொண்டு வெளியே வரும் வடிவத்தில் இருக்கும். காய்ச்சல் வருவது இதனால்தான். இந்த வடிவம் கொசுவுக்குள் போனால் செத்தது. ஒரு சிறு பங்கு மட்டும் ஆண், பெண் என்று பிரிந்து காத்திருக்கும். அவற்றின் பெயர் கேமிட்டோசைட். கொசுவுக்குள் பிழைக்கக்கூடியவை இவை மட்டுமே.

தாங்கள் கொசுவுக்குள் வந்துவிட்டோம் என்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்? சூடு திடீரென்று ஐந்து டிகிரி போலக் குறைகிறது. கூடவே சாந்துரெனிக் அமிலம் என்ற பொருள் தட்டுப்படுகிறது. கொசு தன் சொந்த வேலையாக உண்டாக்கும் பொருள் அது. ஒட்டுண்ணியை எழுப்பும் மணியாக அது வேலை செய்கிறது என்பதை 1998-இல் கண்டுபிடித்தார்கள். மணி அடித்ததும் ஆண் கேமிட்டோசைட் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தன் மரபுப் பொருளை மூன்று முறை இரட்டிப்பாக்கி, சாட்டை போல நெளியும் எட்டு ஆண் அணுக்களாகப் பிரிந்துவிடும். உயிரியலில் இவ்வளவு வேகமான செல் பிரிவு அபூர்வம். இவ்வளவு அவசரம் ஏன் என்றால், டிரிப்சின் ஏறிக்கொண்டிருக்கிறது, சவ்வு நெய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆணும் பெண்ணும் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். கரு உருமாறி, நகரக்கூடிய வாழைப்பூ இதழ் வடிவத்து ஊகினீட் ஆக 18 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் சவ்வு தயாராகிவிட்டது. என்ன செய்யும்? கைட்டினை வெட்டும் நொதி ஒன்றை ஊகினீட் விடும். சில பிளாஸ்மோடியம் வகைகளில் அந்த நொதி முதலில் செயலற்ற வடிவில்தான் வெளிவருகிறது; அதை வெட்டிச் செயல்பட வைப்பது கொசுவின் டிரிப்சின். தன்னைச் செரிக்க வந்த கத்தியை வாங்கியே ஒட்டுண்ணி வேலியை அறுக்கிறது. மலேரியா ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் இதுதான்.

வேலியைத் தாண்டிய ஊகினீட், குடல் சுவரின் செல்களைத் துளைத்துப் போய் வெளிப்புறம் ஒட்டிக்கொண்டு, ஊசிஸ்ட் என்ற உருண்டையாகிறது. துளைபட்ட செல்கள் இறந்து உதிர்கின்றன. கொசுவின் நோய் எதிர்ப்புப் புரதங்களும் இங்கே பாய்ந்து தாக்குகின்றன. ஆயிரக்கணக்கில் உள்ளே போன கேமிட்டோசைட்டுகளில், இயற்கையில் பிடிபடும் கொசுக்களில், ஊசிஸ்ட் வரை வந்து சேர்வது பெரும்பாலும் ஐந்துக்குள். பல கொசுக்களில் ஒன்றுமே தேறாது. மலேரியாவின் முழுச் சுழற்சியிலும் ஒட்டுண்ணியின் எண்ணிக்கை இவ்வளவு கீழே போகும் இடம் வேறு கிடையாது. அதன் கழுத்தைப் பிடிக்க வேண்டுமானால் இங்கே பிடிக்கலாம்.

இந்த உருண்டையைத்தான் ரொனால்ட் ராஸ் பார்த்தார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த அவர் சிகந்தராபாத்தில் இரண்டு ஆண்டு போல வேறு வகைக் கொசுக்களை வெட்டி வெட்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் இருந்தார். 1897 ஆகஸ்டில், இறக்கையில் புள்ளி உள்ள சில கொசுக்கள் ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிடப்பட்டன. கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. ஆகஸ்ட் 20 அன்று அந்தக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில், மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கரிய நிறமித் துகள்களோடு உருண்டையான செல்கள் தெரிந்தன. அந்த நாள்தான் இன்று உலகக் கொசு நாள். ஆனால் அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது வயிறு வரைதான். கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் மலேரியா வருகிறது என்பது அவருடைய வழிகாட்டி பேட்ரிக் மேன்சனின் யூகம். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, ஒட்டுண்ணி எச்சில் சுரப்பி வரை போய்ச் சேருவதை ராஸ் காட்டிய பிறகுதான் விடை முழுமையானது.

வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பிக்கு வர ஒட்டுண்ணிக்கு நிறைய நாள் ஆகும். ஊசிஸ்ட் முற்றி, வெடித்து, மனிதருக்குத் தொற்றும் வடிவமான ஸ்போரோசாய்ட்டுகள் ஆயிரக்கணக்கில் பூச்சியின் உடல் திரவத்தில் மிதந்து சுரப்பியை அடைய, நம் ஊர்ச் சூட்டில் 10 முதல் 14 நாள். குளிர்ந்தால் இன்னும் நீளும். சுமார் 18 டிகிரிக்குக் கீழே, மலேரியா ஒட்டுண்ணிகளில் கொடிய வகையான பிளாஸ்மோடியம் பால்சிபாரம் வளரவே திணறும். மலேரியா மலைப்பிரதேசங்களில் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். கொசுவின் ஆயுளோ இரண்டு மூன்று வாரம். தினமும் ஒரு பங்கு செத்துக்கொண்டே இருக்கும். ஆக, மலேரியாவைப் பரப்புவது கிழட்டுக் கொசுக்கள் மட்டுமே. கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பதைவிட அதன் ஆயுளில் சில நாட்களை வெட்டுவது அதிகப் பலன் தருவது இதனால்தான். சுவரில் மருந்து அடிப்பதும், மருந்து தோய்த்த வலையும் இந்தக் கணக்கில் வருகின்றன.

யானைக்கால் புழுவின் வழி வேறு. கொசுவுக்குள் போவது அதன் குட்டிப் புழு; மலேரியா ஒட்டுண்ணியைவிட அது பெரிது. சவ்வு உருவாகும்வரை காத்திருப்பதில்லை. குடித்த சில மணி நேரத்திலேயே குடல் சுவரைக் கிழித்துக்கொண்டு பறக்கும் தசைக்குள் போய்விடும். அவசரப்பட்டாலும் வாசலிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது: சில அனாபிலிஸ் வகைகளின் தொண்டையில் பல் வரிசை உண்டு, உறிஞ்சும் வழியிலேயே குட்டிப் புழுக்களைக் கிழித்துப் போட்டுவிடும். சாக்கடைக் கொசுவான கியூலக்ஸில் அந்தப் பல் அவ்வளவு வலுவாக இல்லை. தமிழ்நாட்டில் யானைக்காலைப் பரப்பியது இந்தக் கியூலக்ஸ்தான். மேலும், புழு கொசுவுக்குள் வளருமே தவிரப் பெருகாது. ஒன்று போனால் ஒன்றுதான் வரும். அதனால்தான் இந்த நோய் வர மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடி வாங்க வேண்டியிருக்கிறது.

குடலை விட்டே போகாதவை

மலேரியாவும் யானைக்காலும் குடலைத் துளைத்துத் தப்புகின்றன. லீஷ்மேனியா அந்த வேலைக்கே போவதில்லை. கருங்காய்ச்சல், வடக்கே காலா அசார், என்ற கொடிய நோயின் கிருமி இது. மண்ணீரல் வீங்கி, உடல் இளைத்து, மருந்து கொடுக்காவிட்டால் உயிர் போகும். நம் நினைவிலிருந்து மறைந்துவிட்டாலும் ஒரு காலத்தில் மதராஸிலும் இருந்த நோய்தான். 1903-இல் மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் இந்தக் கிருமியைக் கண்டார். இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் அதையே கண்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்தவர் அதே ராஸ்தான்.

இதைப் பரப்புவது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் மெல்லிய பூச்சி. பீகாரின் மாட்டுத் தொழுவங்களிலும் மண் சுவர் விரிசல்களிலும் வாழ்கிறது. ரத்தத்தோடு உள்ளே போன கிருமி சவ்வு முடிச்சுக்குள்ளேயே உருமாறிப் பெருகிக் காத்திருக்கும். மூன்று நான்கு நாளில் செரிமானம் முடிந்து சவ்வு சிதையும். அதுதான் கண்டம். செரித்த மிச்சத்தைப் பூச்சி கழிவாகத் தள்ளும்போது கிருமியும் கூடவே போய்விடும். அதனால் தன் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைக் கிளைகளால் குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும். கழிவெல்லாம் போனபின் அந்தக் கிளைகளை மாற்றி, பிடியை விட்டு, மெல்ல முன்னோக்கி, வாய்ப்பக்கம் நகரும்.

அங்கே அது பார்க்கும் வேலைதான் விசேஷம். குடலுக்கும் தொண்டைக்கும் நடுவே, போன ரத்தம் திரும்ப வராமல் தடுக்கும் ஒரு வால்வு இருக்கிறது. லீஷ்மேனியா அதை அரித்துவிடும். கூடவே கூழ் போன்ற ஒரு பொருளைச் சுரந்து வழியை அடைத்துவிடும். பசித்த ஈ கடிக்கும், ரத்தம் இறங்காது. திரும்பத் திரும்பக் குத்தும். அந்தப் போராட்டத்தில் கூழும் கிருமியும் எதுக்களித்துத் தோலுக்குள் வந்து விழும். கொசு ரத்தத்தைத் திருப்பி விடுவதில்லை என்று மேலே சொன்னேன். மணல் ஈயும் ஆரோக்கியமாக இருக்கும்வரை விடாது. கிருமிதான் அதை விட வைக்கிறது.

இதை நிரூபிக்க எடுத்த பாடு சுவையானது. மணல் ஈதான் குற்றவாளி என்ற சந்தேகம் 1920-களிலேயே வலுத்துவிட்டது. ஆனால் ஆய்வகத்தில் நோய் பரவவில்லை. கிருமி உள்ள ரத்தத்தைக் குடித்த ஈக்கள் அது வளர்ந்து முன்னுக்கு வருவதற்குள் செத்துக்கொண்டே இருந்தன. பீகாரில் ஆய்வு செய்த ஸ்மித், ஹால்டர், அகமது ஆகியோர் ரத்தத்துக்குப் பிறகு உலர்திராட்சையை வைத்துப் பார்த்தார்கள். ஈக்கள் பிழைத்தன, கிருமி பெருகிக் குடலின் முன்பகுதி அடைபட்டது. அதே முறையைக் கையாண்டு 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர், மணல் ஈ கடித்து ஐந்து தன்னார்வலர்களுக்குக் கருங்காய்ச்சல் தொற்றியதைக் காட்டினார்கள். இருபது ஆண்டு இழுபறியை ஓர் உலர்திராட்சை தீர்த்தது. இயற்கையில் மணல் ஈ தாவரச் சாறும் குடிக்கிறது என்பதை ஆய்வகம் மறந்ததுதான் சிக்கல்.

பிளேக் பாக்டீரியாவும் இதே குறுக்கு வழியை எலித் தெள்ளுப்பூச்சியில் கையாள்கிறது. அதன் குடல் வாசலில் படலமாகப் பெருகி அடைத்துக்கொள்ளும். பட்டினி கிடக்கும் தெள்ளு வெறிபிடித்தாற்போலக் கடித்துக்கொண்டே இருக்கும். பேக்காட், மார்ட்டின் இருவரும் 1914-இலேயே இதை விவரித்துவிட்டார்கள்.

மூன்றாவது வாசல் பின்பக்கம். தென் அமெரிக்காவின் சாகாஸ் நோயை 1909-இல் பிரேசிலில் கண்டறிந்தவர் கார்லோஸ் சாகாஸ். பரப்புவது மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவான, இறக்கை உள்ள பெரிய பூச்சி. அதில் ரோட்னியஸ் என்ற வகை தன் எடையைப் போலப் பத்து மடங்கு வரை ரத்தம் குடிக்கும். அவ்வளவு நீரைச் சுமந்துகொண்டு நகர முடியாது. குடித்ததும் ஹார்மோன் ஒன்று சிறுநீரை வேகமாக வெளியேற்ற வைக்கும். ஒட்டுண்ணி காத்திருப்பது குடலின் கடைசிப் பகுதியில். கழிவோடு நம் தோலில் விழுந்து, சொறியும்போது காயத்திலோ கண்ணிலோ உள்ளே போய்விடும். இங்கே நேரம்தான் எல்லாம்: கடித்துக்கொண்டிருக்கும்போதே கழிக்கும் வகைகள் நோயை நன்றாகப் பரப்புகின்றன, குடித்து முடித்து, தள்ளிப் போய்க் கழிக்கும் வகைகளால் ஆபத்து குறைவு.

கொசுவுக்குள் போய் வேலை செய்யும் மருந்து

பால்சிபாரம் மலேரியாவுக்குச் சிகிச்சை தரும்போது பிரைமாகுயின் மாத்திரையும் ஒரு வேளை தருவார்கள். அந்த ஒரு வேளை நோயாளிக்காக இல்லை. ரத்தத்தில் காத்திருக்கும் கேமிட்டோசைட்டுகளைக் கொன்று, அவர் வழியே கொசுவுக்குக் கிருமி போகாமல் தடுப்பதற்கு. "காய்ச்சல்தான் விட்டாச்சே" என்று அதை விழுங்காமல் விடுபவர்கள் தங்கள் தெருவுக்குத்தான் தீங்கு செய்கிறார்கள்.

இதே எண்ணத்தில் ஒரு வகைத் தடுப்பூசியும் சோதனையில் இருக்கிறது. கொசுவின் குடலுக்குள் ஒட்டுண்ணிக்குத் தேவைப்படும் புரதங்களுக்கு எதிராக நம் உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்குவது அதன் வேலை. கொசு குடிக்கும் ரத்தத்தோடு அந்த எதிர்ப்பொருளும் உள்ளே போய், ஆண் பெண் சேர்வதையோ ஊகினீட் உருவாவதையோ தடுக்கும். போட்டுக்கொண்டவருக்கு நேரடியாக எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஊரில் பெரும்பாலானோர் போட்டால்தான் ஊருக்குப் பலன். அறிவியலைவிட, இதை மக்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கடினமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பாக்டீரியா வழியும் உண்டு. ஸ்பெயினில் ஒரு மருந்து நிறுவன ஆய்வகத்தில் வளர்த்த அனாபிலிஸ் கொசுக்களில் மலேரியா ஒட்டுண்ணி வரவர வளர மறுத்தது. ஏன் என்று தேடியபோது, கொசுக்களின் குடலில் டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா தானாகக் குடியேறியிருந்தது தெரிந்தது. அது சுரக்கும் ஹார்மேன் என்ற பொருள் ஒட்டுண்ணியின் ஆரம்ப வளர்ச்சியை முடக்குகிறது. கொசுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. கொசு சாகாததால், எதிர்ப்புத் திறன் பெற்ற கொசுக்கள் பெருகும் அழுத்தமும் குறைவு. 2023-இல் வெளியான இந்த ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், சுற்றி வலை அடித்த பெரிய கூண்டுக்குள் இயற்கைச் சூழலை அமைத்தும் சோதித்துப் பார்த்தார்கள். பருத்திப் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீரோடு பாக்டீரியாவை வைத்தால் கொசுக்கள் தாமே வந்து குடித்துவிட்டுப் போகின்றன.